கையில் இருக்கும் கல் என்ன கல்? வீட்டிலேயே கண்டறிய முழுமையான வழிகாட்டி

கல்லை எடுத்தவுடன் புதியவர்கள் பெரும்பாலும் இரண்டு காரியம் செய்கிறார்கள். நிறத்தைப் பார்த்து இணையத்தில் படம் தேடுகிறார்கள், அல்லது நேராக ஆசிட்டை ஊற்றுகிறார்கள். இரண்டையுமே கடைசிக்குத் தள்ள வேண்டும். ஒரே கனிமம் நூலளவு இரும்பு கலந்தாலே வேறு நிறமாகிவிடும். அமிலமோ சுண்ணாம்புக்கல் போன்ற கார்பனேட் குடும்பத்துக்கு மட்டும்தான் பதில் சொல்லும்; மற்ற எல்லாக் கல்லிலும் சும்மா இருக்கும்.

இன்னொன்றையும் முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். வேதி வாய்பாடு கனிமத்துக்கு உண்டு, பாறைக்குக் கிடையாது. பாறை என்பது கனிமங்களின் கலவை. "கிரானைட்டுக்கு ஃபார்முலா என்ன?" என்று கேட்டால் பதில் இல்லை, அதில் எந்தக் கனிமம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக் கணக்குத்தான் போட முடியும். அந்தக் கணக்கைப் பத்தாவது படியில் போடுவோம். தமிழ்நாட்டில் எளிதில் கைக்குக் கிடைக்கும் கற்களையே உதாரணமாக எடுத்திருக்கிறேன்.

1. முதலில் சேர்க்க வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் சிறிய லென்ஸ், நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்ப்பது. செம்புக் கம்பி, எஃகுக் கத்தி, ஒரு கண்ணாடித் துண்டு, வலுவான சிறு காந்தம், ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு, கொத்தனார் சுத்தியல், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி.

ஆங்கிலப் புத்தகங்களில் கடினம் பார்க்கச் செம்பு நாணயம் என்று போட்டிருப்பார்கள். நம் ஊரில் இப்போது புழங்கும் 1, 2 ரூபாய் நாணயங்கள் எஃகு. அவற்றால் கீறினால் முடிவு தப்பாகும். எலெக்ட்ரிக் கடையில் தடித்த செம்புக் கம்பி ஒரு துண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தேய்த்துப் பொடி நிறம் பார்க்க, மெருகு பூசாத வெள்ளைப் பீங்கான் வேண்டும். பலர் சுவர் டைல்ஸின் பின்பக்கத்தைப் பயன்படுத்துகிறார்கள். அது செம்மண் நிறமாக இருந்தால் தூக்கிப் போடுங்கள். சிவப்புப் பொடி அதில் தெரியவே தெரியாது. காபி கோப்பையின் அடியில் மெருகில்லாத வளையம் இருக்கும், அது போதும்.

2. பெயர் தெரிந்த கற்களில் கையைப் பழக்குங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பின்னால் தடுமாறுகிறார்கள். "எண்ணெய்ப் பளபளப்பு", "மெழுகுத் தன்மை" என்பதெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ளும் விஷயமல்ல. கண்ணும் விரலும் ஒருமுறை அனுபவிக்க வேண்டும்.

நாட்டு மருந்துக் கடைக்குப் போங்கள். இந்துப்பு என்பது சோடியம் குளோரைடு. உடைத்தால் சின்னச் சின்னக் கனசதுரமாக உடையும். காவிக்கல்லின் சிவப்பு இரும்பு ஆக்சைடால் வருவது. அப்பிரகம் என்று கேட்டால் காக்காப்பொன், அதாவது மைக்கா தருவார்கள். ஏடு ஏடாகப் பிரியும். அதே கடையில் லிங்கம், அரிதாரம், பாஷாண வகைகளும் இருக்கும். அவற்றில் பாதரசமும் ஆர்செனிக்கும் உண்டு, வாங்க வேண்டாம்.

உடைந்த கல்சட்டித் துண்டு கிடைத்தால் அது மாக்கல், பெரும்பாலும் டால்க். கடினத்தின் அடிமட்டம் இதுதான். விரலில் சோப்பு மாதிரி வழுக்கும். மேல்மட்டத்துக்கு வெங்கச்சங்கல், அதாவது குவார்ட்ஸ். கிராமத்துப் பக்கம் வரப்பில் வெள்ளையாகக் கிடக்கும்.

3. எடுத்த இடத்தைக் குறித்து, உடைத்து, கழுவுங்கள்

எடுத்த இடத்திலேயே கல்லுக்கு எண் போட்டு, ஊர், சுற்றிலும் என்ன பாறை, கல் பாறையோடு ஒட்டியிருந்ததா அல்லது உதிரியாகக் கிடந்ததா என்று எழுதுங்கள். வீட்டுக்கு வந்தபின் எழுதலாம் என்றால் எந்தக் கல் எங்கிருந்து வந்தது என்பது மறந்துவிடும். உதிரிக் கல் ரோடு போடும் லாரியிலிருந்துகூட விழுந்திருக்கலாம், அந்த இடத்துக்கே சம்பந்தமில்லாமல்.

அப்புறம் உடைக்க வேண்டும். வெயிலும் மழையும் பட்ட மேல்தோலைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கிரானைட்டில் அதிகம் இருக்கும் பெல்ட்ஸ்பார் என்ற கனிமம் காலப்போக்கில் களிமண்ணாக மாறும். அந்தத் தோலில் கத்தி சுலபமாக இறங்கும், "மென்மையான கல்" என்று தப்பாக எழுதுவீர்கள். கருங்கல் மீதுகூட இரும்புத் துரு ஏறிச் சிவப்பாகத் தெரியும்.

உடைக்கும்போது கண்ணாடி போடாமல் உடைக்காதீர்கள். குவார்ட்ஸ் சில்லு பிளேடு போலப் பறக்கும். உலர்ந்த கல்லை அரைத்துத் தூசி கிளப்பவும் வேண்டாம், சிலிக்காத் தூசி நுரையீரலுக்குக் கேடு. உடைத்த துண்டைக் கழுவி நன்றாக உலர்த்துங்கள். ஈரக் கல்லில் எல்லாமே பளபளக்கும்.

4. ஒரே கனிமமா, பல கனிமமா?

லென்ஸைக் கண்ணுக்கு ஒட்டிப் பிடியுங்கள். கல்லைத்தான் மெல்ல அருகே கொண்டுவர வேண்டும். ஜோசியர் பூதக்கண்ணாடி பிடிப்பதுபோல் தள்ளிப் பிடித்தால் ஒன்றும் தெரியாது.

பார்க்க வேண்டியது ஒரே கேள்வி: எல்லா மணியும் ஒரே மாதிரியா? வெவ்வேறாகத் தெரிந்தால் அது பாறை. ஒவ்வொரு வகை மணியையும் தனித்தனிக் கல்லாக நினைத்து இனி வரும் சோதனைகளைச் செய்ய வேண்டும். ஒரே மாதிரி இருந்தால் தனிக் கனிமமாகவோ, சுண்ணாம்புக்கல் போல ஒரே கனிமத்தால் ஆன பாறையாகவோ இருக்கும்.

இங்கேயே மனிதன் செய்த "கற்களை" ஒதுக்கிவிடுங்கள். குமிழிக் குமிழியாக ஓட்டை விழுந்து கண்ணாடிபோல் பளபளக்கும் கருப்புக் கட்டி பெரும்பாலும் உலைக் கழிவு. தமிழ்நாட்டில் எரிமலைக் கல் என்று நம்பி எடுத்து வருவதில் இதுதான் அதிகம். உடைந்த கான்கிரீட்டும் ஆற்றில் உருண்டு அழகான கூழாங்கல் ஆகும்.

5. கடினம்: எந்தப் பொருள் எதைக் கீறுகிறது

கடினத்தை 1 முதல் 10 வரை எண்ணால் சொல்லும் மோஸ் அளவுகோலில் நகம் சுமார் 2.5, செம்பு 3, கத்தியும் கண்ணாடியும் 5.5 சுற்றுவட்டம், குவார்ட்ஸ் 7. இந்தச் சோதனையை முதலில் வைப்பதற்குக் காரணம், ஒரே அடியில் பாதிப் பட்டியலை நீக்கிவிடும்.

வெள்ளைக் கற்களை எடுத்துக்கொள்ளுங்கள். நகம் கீறினால் ஜிப்சம் (2) அல்லது டால்க் (1). நகம் கீறாமல் செம்புக் கம்பியோ கத்தியோ சுலபமாகக் கீறினால் கால்சைட் (3) போன்ற கார்பனேட். கத்தி கீறவில்லை, கல் கண்ணாடியைக் கீறுகிறது என்றால் பெல்ட்ஸ்பார் (6) அல்லது குவார்ட்ஸ் (7). அந்த இரண்டையும் பிரிக்க, உங்கள் வெங்கச்சங்கல்லால் கீறிப் பாருங்கள். பெல்ட்ஸ்பாரில் கோடு விழும்.

எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு. கத்தி கல்லைவிட மென்மையாக இருந்தால், கத்தியின் உலோகம்தான் கல்லில் சாம்பல் நிறக் கோடாகப் படியும். அதைக் கீறல் என்று எண்ணிவிடுகிறார்கள். எச்சில் விரலால் தேய்த்துப் பாருங்கள்; அழிந்தால் படிவு, நகம் போய் இடறும் பள்ளம் இருந்தால்தான் கீறல்.

இரண்டாவது தப்பு, மணற்கல்லைக் கீறுவது. மணிகள் உதிர்வதைப் பார்த்து மென்மை என்பார்கள். உதிர்வது மணிகளை ஒட்டவைத்த பசைதான். அந்த மணலை எடுத்துக் கண்ணாடியில் தேய்த்தால் குவார்ட்ஸ் என்று தெரியும்.

6. பொடியின் நிறம்

கல்லைப் பீங்கானில் அழுத்தி ஒரு கோடு இழுங்கள். கல்லின் வெளிநிறம் ஏமாற்றும்; பொடி அவ்வளவு சுலபமாக ஏமாற்றாது. இது கடினத்துக்குப் பிறகு வரக் காரணம், 7-க்கு மேற்பட்ட கல் பீங்கானையே அரைத்துவிடும். வெள்ளையாகத் தெரிவது கோப்பையின் பொடி.

இரும்புக் கனிமங்களில் இது கைகொடுக்கும். கருப்பாக இருக்கும் ஹேமடைட் செங்கல் சிவப்பில் கோடு போடும், மேக்னடைட் கருப்புக் கோடு, லிமோனைட் மஞ்சள் பழுப்பு. தங்கம் என்று நினைத்துக் கொண்டுவரும் பைரைட் கருப்பாகக் கோடு போடும். உண்மைத் தங்கம் தங்க நிறத்திலேயே போடும். வெள்ளைக் கல் எல்லாம் வெள்ளைக் கோடுதான், அவற்றுக்கு இந்தச் சோதனையில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

7. எப்படி உடைகிறது

சில கனிமங்கள் அணு அடுக்கில் பலவீனமான தளங்களில் பிளக்கும். கல்லை வெளிச்சத்தில் மெல்லத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் சட்டென்று கண்ணாடிபோல் மின்னும் தட்டையான முகம் இருந்தால் அது பிளவுத் தளம்.

பெல்ட்ஸ்பார் கிட்டத்தட்ட செங்கோணத்தில் இரண்டு பக்கம் பிளக்கும். கால்சைட் சாய்ந்த பெட்டி வடிவில் மூன்று பக்கம். மைக்கா ஒரே பக்கம். குவார்ட்ஸுக்குப் பிளவே கிடையாது, உடைந்த பாட்டில் மாதிரி வளைந்த முகம்தான் வரும். கிரானைட்டில் குவார்ட்ஸையும் பெல்ட்ஸ்பாரையும் கண்ணாலேயே பிரிக்க இதைவிட நல்ல வழி இல்லை: மின்னும் தட்டைமுகம் பெல்ட்ஸ்பார், ஈரமான கல்லுப்பு போல மங்கலாக இருப்பது குவார்ட்ஸ்.

கனிமம் தானாக வளர்ந்த படிக முகத்தையும் பிளவையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். குவார்ட்ஸ் ஆறு பக்கக் கூராக அழகாக வளரும், ஆனால் உடைத்தால் அந்த முகம் திரும்ப வராது. பிளவு என்றால் ஒவ்வொரு முறை உடைக்கும்போதும் அதே திசையில் வரவேண்டும்.

8. ஒப்படர்த்தி: தராசு வேலை

ஒப்படர்த்தி என்பது அதே அளவு தண்ணீரைவிடக் கல் எத்தனை மடங்கு கனம் என்ற எண். முதலில் உலர்ந்த கல்லை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீர்க் கிண்ணத்தைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, முழுதும் மூழ்கும்படியும் அடியையோ பக்கத்தையோ தொடாமலும் தொங்கவிடுங்கள். தராசு காட்டுவது கல் இடம்பெயர்த்த தண்ணீரின் எடை. உலர் எடையை இதால் வகுத்தால் ஒப்படர்த்தி.

106 கிராம் கல், மூழ்கியபோது தராசு 40 காட்டினால், விடை 2.65; குவார்ட்ஸ். கால்சைட் 2.71, மேக்னசைட் 3 அளவில், பேரைட் 4.5, மேக்னடைட் 5.2. கல் அடியில் தட்டினால் எண் தாறுமாறாக ஏறும். ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகளையும் விரலால் துடைத்துவிடுங்கள். 50 கிராமுக்குக் குறைந்த கல்லில் சமையலறைத் தராசை நம்ப வேண்டாம். பாறையை நிறுத்தால் கிடைப்பது சராசரி மட்டுமே, ஆனால் அதுவும் பயன்படும்.

கூடவே காந்தத்தையும் காட்டிப் பாருங்கள். நூலில் காந்தத்தைக் கட்டிக் கல்லருகே கொண்டுபோனால் மெல்லிய ஈர்ப்பும் தெரியும். சேலம் கஞ்சமலைப் பக்கத்துக் கருப்பு வெள்ளைப் பட்டைக் கல்லில் கருப்புப் பட்டை மேக்னடைட், சட்டென்று ஒட்டும். வெள்ளைப் பட்டை குவார்ட்ஸ். மணவாளக்குறிச்சிக் கடற்கரைக் கருமணல் வேறு கதை. அதில் அதிகம் இருப்பது இல்மனைட், அதாவது இரும்பு டைட்டானியம் ஆக்சைடு. சாதாரணக் காந்தத்துக்கு அவ்வளவாக வராது. அந்த மணலில் கதிரியக்கத் தோரியம் உள்ள மோனசைட்டும் கலந்திருக்கிறது, அள்ளிக்கொண்டு வந்து வீட்டில் வைக்காதீர்கள்.

9. கடைசியில் அமிலம்

இவ்வளவு தள்ளி வைப்பதற்குக் காரணம் உண்டு. அமிலம் பட்ட இடம் அரிக்கப்பட்டு மற்ற சோதனைகளுக்கு ஆகாது. மேலும், என்ன எதிர்பார்க்கிறோம் என்று தெரிந்து ஊற்றினால்தான் கிடைக்கும் பதில் புரியும்.

நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டுப் போதும். பாத்ரூம் கழுவும் ஆசிட்டை அப்படியே ஊற்றாதீர்கள், அதன் வீரியம் பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். பிளீச்சிங் பவுடர் உள்ள இடத்தில் அதைத் திறக்கவே கூடாது. குளோரின் வாயு வரும். நீர்க்கச் செய்வதென்றால் தண்ணீரில் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை அல்ல. பிள்ளைகளோடு செய்தால் வினிகர் போதும், ஆனால் கல்லைப் பொடித்து, லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும்.

பொங்கி நுரைத்தால் கால்சைட், அதாவது கால்சியம் கார்பனேட். வருவது கார்பன் டை ஆக்சைடு. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் இப்படித்தான் பொங்கும். முழுக்கல்லில் சும்மா இருந்து, கத்தியால் சுரண்டிய பொடியில் மட்டும் மெல்ல நுரைத்தால் டோலமைட், கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்த கார்பனேட்.

சேலத்து வெள்ளைக்கல் இங்கேதான் எல்லோரையும் கவிழ்க்கும். ஆங்கிலேயர் அந்தக் குன்றுகளுக்குச் சாக் ஹில்ஸ் என்று பெயர் வைத்துவிட்டுப் போனார்கள். அதை நம்பிச் சாக்குக்கட்டி மாதிரி பொங்கும் என்று அமிலம் ஊற்றினால் ஒன்றும் நடக்காது. அது மேக்னசைட், மக்னீசியம் கார்பனேட். குளிர்ந்த நீர்த்த அமிலத்தில் கிட்டத்தட்ட அசையாது. பொடித்துச் சூடான அமிலம் விட்டால்தான் நுரைக்கும், அதைச் சோதனைக்கூடத்தில் செய்யுங்கள். வீட்டில் அடையாளம் காண: உடைந்த பீங்கான் போன்ற முகம், கத்தி கீறும், கால்சைட்டைவிடக் கனம். ஆலிவின் என்ற மக்னீசியம் மிகுந்த கனிமம் நிறைந்த பாறையைக் கார்பன் டை ஆக்சைடு கலந்த நீர் சிதைத்தபோது மக்னீசியம் கார்பனேட்டாகவும், மிஞ்சிய சிலிக்கா தனியாகவும் படிந்தன. அதனால் பக்கத்திலேயே கத்திக்கு மசியாத சிலிக்கா நரம்பும் இருக்கும்; இரண்டையும் ஒரே கல் என்று சோதித்தால் கடினம் தாறுமாறாக வரும்.

எதிர்த் திசையிலும் ஏமாறுவார்கள். கரிசல் நிலத்தில் கிடக்கும் எந்தக் கல்மேலும் சுண்ணாம்புத் தோல் படிந்திருக்கலாம். கருங்கல்லே நுரைப்பது போலத் தோன்றும். புதிதாக உடைத்த முகத்தில் ஊற்றினால் அந்தச் சந்தேகம் தீரும்.

ஜிப்சத்துக்கு அமிலம் தேவையில்லை. பெரம்பலூர் மாவட்டத்தில் காரை என்ற ஊர்ப் பக்கத்துக் களிமண் மேடுகளில் தகடு தகடாக மின்னும் கல் இதுதான். ஒரு சிறு சில்லைக் கரண்டியில் சூடாக்கினால் பால்வெள்ளையாகிப் பொடியும். நீரேறிய கால்சியம் சல்பேட் தன் நீரை விடுவதால். இந்தச் சூட்டுச் சோதனையை வேறு கற்களில் செய்ய வேண்டாம், உள்ளே ஈரம் இருந்தால் வெடிக்கும்.

10. பாறைக்குப் பெயர், பிறகு வேதிக் கணக்கு

கனிமங்கள் தெரிந்தபின் பாறைப் பெயர் பாதி வேலைதான். குவார்ட்ஸும் பெல்ட்ஸ்பாரும் ஒழுங்கில்லாமல் கலந்து, கொஞ்சம் மைக்கா அல்லது ஹார்ன்பிளெண்ட் என்ற கருப்புக் கனிமம் இருந்தால் கிரானைட். அதே கனிமங்கள் பட்டை பட்டையாக ஓடினால் நைஸ். மணற்கல்லும் குவார்ட்சைட்டும் இரண்டுமே குவார்ட்ஸ்தான். மணற்கல் மணிகளைச் சுற்றி உடையும், குவார்ட்சைட் மணிகளை ஊடுருவி உடையும்.

பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கருங்கல் சார்னோகைட். இதில் குவார்ட்ஸ் நீலச்சாம்பலாகவும் பெல்ட்ஸ்பார் பச்சை கலந்தும் எண்ணெய் தடவியது போல இருக்கும். வெள்ளை மணி தெரியாததால் குவார்ட்ஸே இல்லை என்று எழுதிவிடுகிறார்கள். கடையில் கருப்பு கிரானைட் என்று விற்பது பெரும்பாலும் டோலரைட். அதில் குவார்ட்ஸ் கிட்டத்தட்ட இல்லை, பிளாஜியோகிளேஸ் என்ற பெல்ட்ஸ்பார் வகையும் பைராக்சீன் என்ற கருங்கனிமமும்தான். இரண்டுக்கும் இடையே சந்தேகம் வந்தால் தராசுக்குப் போங்கள்: சார்னோகைட் 2.7 பக்கம், டோலரைட் 3-ஐ நெருங்கும். கிரானைட் கடைப் பெயர்களை எதற்கும் ஆதாரமாக எடுக்காதீர்கள்.

நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியின் வெளிர் கல்லைச் சலவைக்கல் என்று எண்ணுவது வழக்கம். கத்தி கீறாது, அமிலம் நுரைக்காது. அது அனார்த்தசைட், கால்சியம் அலுமினியம் சிலிகேட் மிகுந்தது. நிலாவின் மேட்டுநிலப் பாறையை ஒத்திருப்பதால்தான் இஸ்ரோ தன் செயற்கை நிலா மண்ணுக்கு இதை எடுத்தது.

இப்போது கணக்கு. தனிக் கனிமம் என்றால் அணு எடையே சதவீதத்தைத் தரும். தூய கால்சைட்டில் கால்சியம் ஆக்சைடு 56, கார்பன் டை ஆக்சைடு 44 சதவீதம். மேக்னசைட்டில் மக்னீசியம் ஆக்சைடு சுமார் 48. இரும்பு ஹேமடைட்டில் 70, மேக்னடைட்டில் 72 சதவீதம்.

பாறை என்றால் மெருகேற்றிய முகத்தில் கட்டம் வரைந்த கண்ணாடித் தாளை வைத்து, ஒவ்வொரு கட்டப் புள்ளியின் அடியிலும் எந்தக் கனிமம் என்று எண்ணுங்கள். ஒரு கிரானைட்டில் குவார்ட்ஸ் 30, பெல்ட்ஸ்பார் 60, கருப்பு மைக்கா 10 சதவீதம் வந்தது என்று வைப்போம். குவார்ட்ஸ் முழுவதும் சிலிக்கா, ஆக 30. பெல்ட்ஸ்பாரில் சிலிக்கா ஏறத்தாழ 66 சதவீதம், ஆக 40-ஐ ஒட்டி. மைக்காவில் 37 என்று கொண்டால் 4-ஐ ஒட்டி. கூட்டினால் 73 சதவீதத்துக்கு மேல் வரும். கிரானைட்டுக்குச் சராசரியாகச் சொல்லப்படும் 72-க்கு இது பக்கம். கண்ணால் எண்ணிய கணக்குக்கு இந்த நெருக்கம் போதும். 50 என்றோ 90 என்றோ வந்தால் கூட்டலைச் சரிபார்க்காதீர்கள், குவார்ட்ஸ் என்று எண்ணியதைத் திரும்பப் பாருங்கள். தப்பு பெரும்பாலும் அங்கேதான்.

11. வீட்டில் முடியாதவை

பெல்ட்ஸ்பாரில் பொட்டாசியமா சோடியமா, சுண்ணாம்புக்கல்லின் தரம் சிமெண்டுக்கு ஆகுமா, கருமணலில் டைட்டானியம் எவ்வளவு: இவை எக்ஸ் கதிர்க் கருவியில்தான் தெரியும். சென்னை மாநிலக் கல்லூரி, சேலம் பெரியார் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் நிலவியல் துறை இருக்கிறது. கேட்கப் போகும்போது கல்லை மட்டும் கொண்டுபோகாமல், எடுத்த இடக் குறிப்பையும், கடினம், பொடி நிறம், ஒப்படர்த்தி மூன்றையும் எழுதிக் கொண்டுபோங்கள். பாதிக் கேள்வி அங்கேயே குறையும்.

திருவக்கரை கல்மரப் பூங்காவிலிருந்து ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது, அது பாதுகாக்கப்பட்ட இடம். அங்கே பார்க்கலாம். சோதிக்க வேண்டுமானால் வீட்டு வாசலில் கொட்டியிருக்கும் ஜல்லியே ஒரு வாரத்துக்கு வேலை கொடுக்கும்.